நாற்பத்தொரு கையெழுத்து

காலை 9.10. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் லேத் ஆபரேட்டருக்குக் கை ஓடவில்லை. மறுநாள் அவர் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பணம் தராதாம். மார்ச்சிலிருந்து திட்டத்தில் பெற்றோர் கிடையாதாம்.

"எங்க யாருக்கும் சொல்லவே இல்லையே!" என்று அவர் தொழிலாளர் துறைக்குப் போன் போட்டார்.

10.30. துறை அதிகாரி வந்தார். பேச்சு குறைவு, பார்வை அதிகம் உள்ள பெண்மணி. அவர் கையில் இருந்த விதி ஒன்றே ஒன்று: திட்டத்தை மாற்றினால், அமலுக்கு வரும் முன் ஒவ்வொரு ஊழியருக்கும் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பழைய திட்டமே செல்லும்.

"எல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்று பர்சனல் மேனேஜர் ஃபைலை நீட்டினார்.

கடைசித் தாளில் மேலே டைப் செய்த இரண்டு வரி: பெற்றோருக்கான காப்பீடு நீக்கப்படுவதை அறிந்துகொண்டோம், தேதி பிப்ரவரி. கீழே நாற்பத்தொரு பெயர்கள், பேனாவால் எழுதியவை. எதிரே கையெழுத்துகள்.

"இது உங்களோடதா?"

ஆபரேட்டர் உற்றுப் பார்த்தார். "என் கையெழுத்துதான் மேடம். ஆனா இதுல நான் போடல."

மேனேஜர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, இந்த விசித்திரம் அவருக்குப் பிடித்துப்போனது. தாளை மற்றத் தாள்களோடு வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் குறைந்திருந்தது. பெயர்களில் அகர வரிசையும் இல்லை, சீனியாரிட்டியும் இல்லை. முதலில் பேக்கிங் பிரிவின் குள்ளப் பெண், கடைசியில் ஆறடி ஆபரேட்டர்.

11.15. ஸ்டோர் ரூம். ஆணியில் தொங்கிய பட்டியல்கள் எதிலும் தலைப்பு இல்லை.

"இது என்ன லிஸ்ட்?"

"கையுறை மேடம்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"மேல எழுதலையே?"

"கொடுக்குறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"இங்கேருந்து யாராவது லிஸ்ட் எடுத்தாங்களா?"

"போன வாரம் மேனேஜர் சார் ஒண்ணு கேட்டாரு. ஃபைலுக்காம்."

11.40. அதிகாரி எல்லோரையும் அந்தத் தாளின் வரிசையிலேயே நிற்க வைத்தார்.

"இப்ப கால்களைப் பாருங்க" என்றார்.

அத்தனை பேர் காலிலும் ஒரே மாதிரி பாதுகாப்பு ஷூ. இந்தக் கோடியில் ஐந்தாம் நம்பர், அந்தக் கோடியில் பதினொன்று. நடுவில் ஒரு கால்கூட வரிசை தப்பவில்லை.

"பெட்டிகளை அளவு வாரியா அடுக்கி, அதே வரிசையில பேர் எழுதி, கையெழுத்து வாங்கி ஷூ கொடுத்திருக்கார் ஸ்டோர்கீப்பர். அவர் தலைப்பு எழுத மாட்டார். அந்த வெத்து இடத்துலதான் ரெண்டு வரி ஏறியிருக்கு. ஓரத்துல இருந்த ஷூ நம்பரை வெட்டிட்டீங்க, மேனேஜர் சார். வரிசையை வெட்ட முடியலையே!"

மேனேஜருக்கு முகம் வெளிறியது. "பிப்ரவரியில அறிவிப்பு கொடுக்க மறந்துட்டேன் மேடம். போன வாரம் அம்மா ஆபரேஷனுக்கு இவரோட காப்பீட்டு விண்ணப்பம் வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. வேலை போயிடுமேன்னு..."

"உங்க வேலைக்கு அவங்கம்மா உயிரா விலை?" அதிகாரிக்குக் கோபம் வந்தது.

12.20. பழைய திட்டமே செல்லும் என்ற உத்தரவு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபரேட்டர் வீட்டுக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, அம்மாவுக்கு ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கொடுத்துடாதே. காலையில ஆபரேஷன்."