முழுசாய்த் தந்த வண்டி

கண்ணாடிக் கடைக்காரர் ரிமோட் வண்டியைத் துடைக்கக் குனிந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியே கழன்று மேஜைமேல் விழுந்தது. இடது காதில் மாட்டும் கம்பி தனியாகக் கிடந்தது, ஃபிரேம் தனியாகக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூவைக் காணவில்லை. ஊரில் பாதி மூக்குகளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். தன் கண்ணாடியை ஆட்டம் காண விடுவாரா? மரை தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். தேயவில்லை. சரியான அளவு டிரைவரை வைத்து, அவசரப்படாமல், ஒரு கீறல் விழாமல் யாரோ சுற்றி எடுத்த மாதிரி ஓட்டை சுத்தமாக இருந்தது. காலையிலிருந்து கண்ணாடியை அவர் முகத்தைவிட்டு எடுக்கவே இல்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. வேறொரு ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கிவிட்டு மறுபடி வேலையில் இறங்கினார்.

அவர் வேலை என்றால் கடை வேலை இல்லை. வீட்டின் பின்னறையில், பழைய பிளாஸ்டிக்கும் கிரீஸும் ஸ்பிரிட்டும் கலந்து மூக்கில் ஏறும் அந்த அறையில், சுவர் முழுக்கப் பலகை அடித்து அவர் அடுக்கி வைத்திருந்த ரிமோட் கார்கள்தான் அவருக்கு வேலை. எல்லாம் அவர் இளைஞராக இருந்த காலத்து வண்டிகள். நரை தட்டிய மனிதர் பொம்மைக் காரோடு குடித்தனம் நடத்துகிறார் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது, அவை பொம்மைகள் இல்லை. உண்மையான காரைப் போலவே ஸ்பிரிங், பேரிங், பல்சக்கரம் எல்லாம் வைத்துச் செய்தவை. இன்று ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இன்னொரு வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வண்டி நின்றது. போன கண்காட்சியில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். அந்த மயக்கம் இன்னும் அவருக்குத் தெளியவில்லை.

அடுத்து அவர் மனைவி கொடியில் போட்டிருந்த துணிகள் தரையில் கிடந்தன. கிளிப்புகள் இரண்டு இரண்டு துண்டாகச் சிதறியிருந்தன. ஒன்றிலும் ஸ்பிரிங் இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தவள், கையில் ஈரப் புடவையோடு நின்று இந்த வீட்டில் எலி இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். எலி ஸ்பிரிங்கைத் தின்னுமா என்று இவர் கேட்டதற்கு, இந்த வீட்டு எலி உங்கள் எலிதானே, தின்னும் என்றாள். இருவரும் சிரித்தார்கள். கொடியின் இடது பாதியில் இருந்த கிளிப்புகள் மட்டுமே பிரிந்திருந்தன என்பதை அவர் கவனித்தார், அதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ரப்பர் போனது. குக்கர் மூடியின் கேஸ்கட் மாயமானது, குழாய்க்குள் இருந்த வாஷர் மாயமாகித் தண்ணீர் சொட்டத் தொடங்கியது, வாசலில் விட்ட செருப்பில் இடது கால் செருப்புக்கு மட்டும் வார் இல்லாமல் போனது. வீடு முழுக்க ஏதோ ஒன்று தளர்ந்துகொண்டே வந்தது. கதவுகள் சரியாகப் பொருந்தாமல் முனகின. அலமாரிக் கதவு காற்றே இல்லாமல் மெல்லத் திறந்துகொண்டது. உட்கார்ந்த நாற்காலி, பல் ஆடுவது போல ஆடியது. படுக்கையறை மின்விசிறி இரும்பை இரும்பால் அரைக்கிற சத்தத்தோடு சுற்ற, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டூலில் ஏறிப் பிரித்துப் பார்த்தார்.

"சார், உள்ள பேரிங்கே இல்ல. இது எப்படி சுத்துச்சு?"

எலக்ட்ரீஷியன் விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"யாரு கழட்டினாங்களோ, நல்ல வேலைக்காரன் சார். ஒரு கீறல் இல்ல பாருங்க."

எலக்ட்ரீஷியன் போன பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். முதலில் ஸ்க்ரூ, பிறகு ஸ்பிரிங், பிறகு ரப்பர், பிறகு பேரிங். எப்போதும் இடப்பக்கத்திலிருந்து. இந்த வரிசையில் வண்டியைப் பிரிக்கிறவர் ஒருவர்தான் உண்டு. மற்றவர்கள் முதலில் சக்கரத்தைக் கழற்றுவார்கள், அதுதான் சுலபம். ரப்பருக்கு முன்னால் ஸ்பிரிங்கை எடுக்கும் கோணல் பழக்கம் கண்ணாடிக் கடைக்காரருடையதுதான். வீட்டைப் பிரிப்பது யாராக இருந்தாலும், அவருடைய கைப்பழக்கப்படியே பிரித்தது. அந்தச் சாயங்காலம் அவருக்கு மாஸ்டர் ஞாபகம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் எப்போதோ வந்திருக்க வேண்டும்.

மாஸ்டர் என்பது பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். இவருக்குப் பால்ய சிநேகிதர். இவரைக் "கண்ணாடி" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரே ஒரு ரிமோட் கார் இருந்தது. மேலே பார்த்தால் கீறலும் சிராய்ப்புமாகத் தெருநாய் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூகூட மாற்றாத அசல் வண்டி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அதை மண் பறக்க ஓட்டுவார், மகளைத் தோளில் உட்கார வைத்து அவள் கையில் ரிமோட்டைக் கொடுப்பார். இவரிடம் அதே மாடலில் சிவப்பு வண்டி இருந்தது. பார்க்க ராஜா, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. மாஸ்டர் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வாயில் எச்சில் ஊறும்.

மாஸ்டர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது வண்டியை இவரிடம்தான் கொடுத்தார். மகள் பெரியவளாகிக் கேட்கிற வரைக்கும் வைத்திரு, ஓட்டு, உடைந்தாலும் பரவாயில்லை, பிரித்து மட்டும் விடாதே என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். இவர் அந்த மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். அதே வாரத்தில் பிரித்தார். மனிதர் இன்னும் சாகக்கூட இல்லை. உள்ளிருந்த அத்தனையும் சிவப்பு வண்டிக்குள் போனது; அழுக்கு மேல்கூட்டைப் பரணில் எறிந்தார்; எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டத்தில், சேசிஸ் என்பார்களே அதில், மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அதைக் குப்பையில் போட்டார். மாஸ்டர் செத்த பிறகு அவர் மனைவியிடம், தண்ணீர் புகுந்து வண்டி கெட்டுப்போனது என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கண்ணீரை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் பல் விளக்கும்போது நாக்கு ஒரு வெற்றிடத்தில் போய் விழுந்தது. இடது கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை. கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தார். வேர் இருந்த குழி வழவழவென்று சுத்தமாக இருந்தது.

வீடு முடிந்துவிட்டது. இனி அவர்.

அன்றே இடது சுண்டுவிரல் மடக்கியது மடக்கியபடி நின்றது. வலது கையால் நிமிர்த்தினால் நிமிர்ந்து நின்றது. தானாகத் திரும்பி வரவில்லை. உள்ளே ஸ்பிரிங் இல்லை. அதற்கடுத்து இடது முழங்காலில், படி ஏறும்போதெல்லாம் எலும்பு எலும்பை அரைக்கும் சத்தம். மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நடுவில் இருக்க வேண்டிய மெத்தையே இல்லை, வயசாகிறது என்றார். இடது காலுக்கு மட்டும் வயசாகுமா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. வரிசையில் கடைசியாக என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் கழன்ற பிறகு வண்டியில் மிஞ்சுவது ஒன்றுதான். அதை அவர் இரண்டு கையாலும் பிடித்து, விரிசல் பெரிதாகாமல், மெல்ல உருவி எடுத்திருந்தார்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சிவப்பு வண்டியை மேஜையில் வைத்தார். மாஸ்டருடைய சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டார். பரணிலிருந்து மேல்கூட்டை இறக்கித் துடைத்தார். சிவப்பு வண்டியின் சொந்தச் சட்டத்தைத் தர மட்டும் அப்போதும் மனம் வரவில்லை. காலை இழுத்துக்கொண்டே தெருக்கோடியில் இருந்த மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

மாஸ்டர் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். டப்பாவைத் திறந்து அவர் நீட்டியதும் மிதிப்பதை நிறுத்தினாள். ஒரு விரலால் உள்ளே கிளறிப் பார்த்தாள்.

"தண்ணி பூந்து போச்சுன்னீங்களேண்ணே?"

"சரி பண்ணிட்டேம்மா. அடியில வர்ற சட்டம் மட்டும் இல்ல. வேற ஒண்ணு செஞ்சு போட்டுத் தந்துடறேன்."

"வேற எதுக்கு? அவரு உங்ககிட்ட முழுசாத்தானே குடுத்தாரு." அவள் குரல் உயரவில்லை. "கடைசி நாள் மூச்சு விட முடியாம கெடந்தப்பகூட, கண்ணாடி பிரிச்சிருப்பானோன்னுதான் கேட்டாரு. அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாருன்னு நான் சத்தியம் பண்ணேன். சாகப்போற மனுஷன்கிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க."

"தங்கச்சி, தெரியாம..."

"இப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ணே. முழுசாக் கொண்டாங்க. இல்லேன்னா அவரே பாத்துக்குவாரு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்தார்.

வீடு சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மனைவி டியூட்டிக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. பின்னறையில் பேட்டரி விளக்கை ஏற்றி வைத்து, கெட்டியான ஃபைபர் தகட்டில் அளவு குறித்து, சின்ன ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். மழை ஜன்னலில் அடித்தது, அறுத்த தூள் கருகல் வாசனையோடு மூக்கில் ஏறியது, பலகைகளில் நின்ற வண்டிகளின் நிழல்கள் விளக்கு நடுங்கும்போதெல்லாம் சுவரில் ஒரு அங்குலம் முன்னால் வந்து பின்னால் போயின, மடங்கி நின்ற சுண்டுவிரல் தகட்டில் உரசி உரசித் தோல் போனது, அவர் எதையும் பார்க்காமல் அறுத்தார். விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். முடித்து, வண்டியை அதன்மேல் கட்டி, மாஸ்டர் வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். மயிரிழை விரிசலைக்கூட அதே இடத்தில் கீறி வைத்துவிடலாம் என்று தோன்றியது. செத்தவனையும் ஏமாற்றப் பார்த்தார் மனிதர்.

ரம்பத்தை நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

கிர்ர். கிர்ர். ரம்பச் சத்தம் இல்லை அது. அவருக்குப் பழகிய சத்தம். பொடி டிரைவர், பொடி ஸ்க்ரூ, அவசரமில்லாத கை. மேஜையில் பார்த்தார். பலகையில் பார்த்தார். எதுவும் அசையவில்லை. சத்தம் பின்னாலிருந்து வந்தது. திரும்பினார். சுவர்தான் இருந்தது. திரும்பிய பிறகும் சத்தம் பின்னாலேயே இருந்தது.

கிர்ர்.

பிடரிக்குக் கீழே. சில்லென்று ஒரு முனை. வலிக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் கேட்கவில்லை. வலது காலும். கொஞ்சம் கீழே, அடுத்தது. அதற்கும் கீழே, அடுத்தது. நிதானமாக. சுத்தமாக. மாஸ்டர், மாஸ்டர் என்றார். இரைக்கிற மூச்சு ஒன்று காதருகே கேட்டது. நுரையீரல் கெட்டவர் மூச்சு. இரண்டு கைகள் முதுகுக்குள் நுழைந்து எதையோ பிடித்தன. மெல்ல. விரிசல் விழாமல்.

உருவின.

விடிந்திருந்தது. மழை விட்டிருந்தது. அவர் தரையில் கிடந்தார், நாற்காலியிலிருந்து நழுவிய சட்டை மாதிரி. கன்னம் சிமென்ட்டில் பதிந்திருந்தது. கண்ணை உருட்ட முடிந்தது. மூச்சு விட முடிந்தது. வேறெதுவும் முடியவில்லை.

வாசல் கதவு திறக்கும் சத்தம். மனைவி குடையை மடக்கும் சத்தம். அப்புறம் மேஜைக்கு அடியில் மோட்டார் ஒன்று விழித்துக்கொண்டது.

மாஸ்டர் வண்டி வெளியே வந்தது. அதே கீறல், அதே சிராய்ப்பு. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பிறகு அறை வாசலை நோக்கித் திரும்பி நிலைப்படியில் ஏறியது, முன்சக்கரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. அடிப்பாகம் தெரிந்தது. மஞ்சள் பாய்ந்த வெள்ளை. கணுக் கணுவாக. இன்னும் ஈரமாக. அதில் அளவு பிசகாமல் துளைகள் போட்டு, ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்காக முடுக்கியிருந்தது. ஸ்பிரிங் சற்று அமுங்கி எழ, வண்டி படியைத் தாண்டியது.

"என்னங்க, ஏன் தரையில கெடக்கறீங்க?" மனைவி ஓடி வந்தாள். "எழுந்திருங்க. என்னைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்திருங்க."

வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவள் குனிந்தாள். நோயாளிகளைத் தூக்கிப் பழகியவள், அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள்.

அவர் மடிந்தார். தலை இறங்கியது, மார்பு இறங்கியது, இறங்கிக்கொண்டே போயிற்று. நெற்றி பாதத்தைத் தொட்டது. அவள் அலறத் தொடங்கினாள். தன் இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே, தலைகீழாக, அவருக்கு வாசல் தெரிந்தது. திறந்திருந்த கேட் தெரிந்தது, ஈரத் தெரு தெரிந்தது. அந்தத் தெருவில் சின்ன வண்டி, தண்ணீர் தெறிக்க, தையல் மெஷின் சத்தம் கேட்கிற வீட்டைப் பார்த்து நேராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வாசலில் மாஸ்டர் மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.