பாலத்தில் கால் ஊன்றக் கூடாது

பஞ்சு காலையிலிருந்தே காற்றின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று பயிற்சிக் குழுவில் வைத்த பெயர்தான் பஞ்சு. விளையாட்டாகத்தான் வைத்தார்கள். ஆனால் நேற்று துறைமுகப் பாலத்தில் கடற்காற்று அவளைச் சைக்கிளோடு ஓரத்துச் சுவர்வரை தள்ளிவிட்டது. கீழே கடல் கறுப்பாகப் பொங்கியது. வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓட்டம்-சைக்கிள் பந்தயத்துக்கு அனுப்ப மாட்டார்களே!

இன்றும் அதே பயிற்சிதான். கடற்கரையில் ஓட வேண்டும். ஓடிய கையோடு சைக்கிளில் ஏறிப் பாலத்தைக் கடக்க வேண்டும். வந்திருந்தது இரண்டே பேர், அவளும் சுவர் அண்ணனும். மற்றவர்கள் காற்றின் ஊளையைக் கேட்டுவிட்டுப் போர்வைக்குள் பதுங்கிவிட்டார்கள்.

"பாலத்துல யார் கால் தரையில படுதோ, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை பந்தயத்துல இடம் கிடையாது!" என்று சொல்லிவிட்டு, பயிற்சி தரும் மாஸ்டர் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார்.

பஞ்சு வழக்கம்போல சுவர் அண்ணனின் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அகன்ற தோள் அவனுக்கு. பின்னால் போனால் எதிர்காற்றே படாது. அதனால்தான் அவனுக்குச் சுவர் என்று பெயர்.

ஆனால் பாலத்தில் காற்று எதிரிலிருந்தா வந்தது? பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைந்தது! சைக்கிள் தள்ளாடியது. பஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கிரீச்!

நடுப்பாலத்தில் சுவர் அண்ணன் நின்றுவிட்டான். அவன் கால் தரையில் இருந்தது. பஞ்சு சட்டென்று ஓரத்துச் சுவரைப் பிடித்து, பெடலிலிருந்து காலை எடுக்காமல் நின்றாள்.

"என்னண்ணா, செயின் கழண்டுடுச்சா?"

"இல்ல... நீ போ பஞ்சு. உன் கால்தான் இன்னும் கீழ படலையே."

அவன் உதடு வெளுத்திருந்தது. பெரிய உடம்பு. காற்றுக்குப் பிடித்துத் தள்ள அவனிடம்தான் இடம் அதிகம். பஞ்சு அதை ஒருநாளும் யோசித்ததே இல்லை.

பாதிப் பாலம்தான் பாக்கி. போயிருக்கலாம். ஆனால் இவனை இங்கே தனியாக விட்டுவிட்டா?

பஞ்சு காலைக் கீழே வைத்தாள்.

"ஐயோ! உன் பந்தயம்!"

"எனக்கும் பயமாத்தான் இருக்குண்ணா. நேத்துலேர்ந்தே." பஞ்சு சைக்கிளிலிருந்து இறங்கினாள். "உருட்டிக்கிட்டே ஓடிடலாம். நமக்கு ஓடத் தெரியாதா என்ன? நீ காத்து வர்ற பக்கம் வா. நான் இந்தப் பக்கம் உன் சட்டையைப் பிடிச்சுக்கறேன். விடவே மாட்டேன்."

இருவரும் ஓடினார்கள். காற்று தள்ளியது. பஞ்சு சட்டையை விடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான். எதிரே ஓர் உருவம் குனிந்தபடி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது. மாஸ்டர்!

"என்ன மாஸ்டர், பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

"உங்களைக் காணோமேன்னு திரும்பி வந்தேம்மா. வண்டி ஆடின ஆட்டத்துல பாதி உயிர் போயிடுச்சு. இறங்கிட்டேன்."

பஞ்சு அவர் கால்களைப் பார்த்தாள். இரண்டும் தரையில்தான் இருந்தன.

"அப்ப ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் இடம் இல்லையா மாஸ்டர்?"

சுவர் அண்ணன் அந்தப் பயத்திலும் 'களுக்'கென்று சிரித்துவிட்டான். மாஸ்டரின் முகம் சிவந்தது.

"வாயாடி! இந்தக் காத்துல உங்களை அனுப்பினது என் தப்புதான். ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வந்து சேருங்க."

சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு காற்று வந்து ஸ்கூட்டரோடு அவரை உலுக்கியது.

"அதுக்கு முன்னால," என்றார் மாஸ்டர் மெல்லிய குரலில், "யாராவது என் சட்டையையும் கொஞ்சம் பிடிச்சுக்கங்கப்பா."