இரண்டாவது சொம்பு

ஒரு சொம்புதான் வந்தது.

கருப்பண்ணன் வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி அந்த ஒற்றைச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். புளி போட்டுத் தேய்த்த பித்தளை, வெயிலில் கண்ணைக் குத்தியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து செங்குத்தாக மலையேறி வந்ததில் அவருக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஆனாலும் தொடவில்லை. அடுப்படியிலிருந்து இன்னொரு சொம்பு வரட்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நாமகிரி உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன தங்கை வள்ளியாத்தாளின் ஒரே மகள், பதினாலு வயது. கையில்லாத பொம்மையை மூலையில் சாத்தி வைத்தமாதிரி அப்படியே இருந்தாள்.

"தாகமா இருக்குதா, கண்ணு?"

"இல்லீங் மாமா."

சொம்பு போனால் போகிறது, வெள்ளியங்கிரியின் வயிற்றில் நெருப்பு வைத்தது வேறு. வாசலில் கால் வைத்ததும் கருப்பண்ணன் ஓடி வந்து, "வாங்கண்ணா, வாங்க" என்றான். அவன் மனைவி கண்ணாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க" என்றாள். இரண்டும் அவருக்கு. பின்னால் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சீமையில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும், வந்த ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, தனித்தனியாக "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். வந்தவர்களும் "ஆமாங்க" என்று தலையசைக்க வேண்டும். இடுப்புக் குழந்தைக்குக்கூட ஒரு "வா சாமி" உண்டு. ஒருவரை விட்டுவிட்டால், நீ எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகத் தலைமுறைக்கும் முகம் பார்க்காமல் போன பங்காளிகள் உண்டு.

வள்ளியாத்தாள் பட்ட பாடும் அதுதான். சாதி பார்க்காமல் மில்லுக்காரன் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனவள். அவன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவிலேயே போய்ச் சேர்ந்தான். அவளும் காய்ச்சலில் கண்ணை மூடினாள், சாகும் வரைக்கும் சொந்தத்தில் ஒரு வாசலிலும் "வா" என்ற சொல்லைக் கேட்காமலே. மிச்சம் இந்தப் பெண். வெள்ளியங்கிரியின் மனைவியும் போய்ப் பல வருஷம் ஆகிறது. பெண் துணை இல்லாத வீட்டில் வயதுக்கு வரப்போகிறவளை வைத்துக்கொள்ள முடியாது. எப்படியாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் இவளைச் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் பயணம் கிளம்பினார்.

காலையில் பெண் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! யுத்த காலத்துக் கரிப்புகை பஸ்ஸில் முகமெல்லாம் கரியாகி, சேந்தமங்கலத்தில் மாட்டு வண்டிக்கு மாறி, வழி நெடுக மலையைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். "அந்த உச்சிக்கா போறோம்? அருவி எங்கீங் மாமா? கொரங்கு கடிக்குமா?"

காரவள்ளியில் பங்காளி அர்த்தனாரி வீட்டில்தான் அந்தச் சிரிப்பு நின்றது. "வாங்கண்ணா" என்று அவரை வரவேற்ற அர்த்தனாரி, சந்தைக்கு வந்த கன்றைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெள்ளியங்கிரி, சாப்பிடப் போட்டிருந்த இலையைத் தாண்டி எழுந்தவர்தான். பெண்ணின் கையைப் பிடித்துத் தரதரவென்று மலையேறிவிட்டார்.

பாதி ஏற்றத்தில், பாதை முறிந்து திரும்புகிற இடத்தில் தழைமேடு இருக்கிறது. பேதி கண்ட வருஷம் கீழ்நாட்டுக் குடும்பம் ஒன்று பிள்ளை குட்டியோடு உயிருக்குப் பயந்து மேலே ஓடி வந்ததாம். நோய்க்குப் பயந்து ஒரு வீட்டிலும் அவர்களை "வாங்க" என்று கூப்பிடவில்லையாம். திரும்பி இறங்கும்போது எல்லோரும் அந்தத் திருப்பத்திலேயே விழுந்தார்களாம். வழிப்போக்கர்கள் போட்டு மூடிய தழைதான் மேடாகிவிட்டது. அன்று முதல் அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வெள்ளியங்கிரி பழக்க தோஷத்தில் ஒரு கொத்தை ஒடித்து வீசினார். நாமகிரியும் ஒன்றை ஒடித்துக்கொண்டு மேட்டருகே குனிந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! அவள் கையிலிருந்த தழையைத் தட்டிவிட்டார். அது பள்ளத்தில் போய் விழுந்தது.

"உன்னைய ஒருத்தன் வான்னு கூப்பிடக் காணோம். நீ ஊருல செத்தவனுக்கெல்லாம் மரியாதை பண்றயா?"

அதோடு விட்டாரா? பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தினார். "இனி எவன் வாசல்லயும் கெஞ்ச மாட்டேன்! இந்தப் புள்ளைய மொதல்ல யாரு வான்னு கூப்பிடறாங்களோ, அவங்ககிட்டயே விட்டுட்டுப் போயிர்றேன். என்ற தங்கச்சி மேல சத்தியம்!"

அந்தத் திருப்பத்தில் இருமினால்கூட எதிர்மலை இருமிக் காட்டும். அன்று எதிரொலி வரவில்லை.

அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை. கோபம் காதை அடைத்திருந்தது.

இப்போது கருப்பண்ணன் வீட்டிலும் இதே கதை. சாதி சனமா இவன்? மலைக்காரன். வருஷா வருஷம் மிளகு கொண்டுவந்து இறக்கும்போது அவர் வீட்டில் தங்கி, ஒரே சட்டியில் தின்ற சிநேகிதன். இவனுக்குமா அர்த்தனாரி சொல்லிக் கொடுத்துவிட்டான்?

கண்ணாயி இலை போட்டாள். ஒரே இலை. சுடச்சுடச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். பிறகு வெயிலில் காய்ந்த மிளகை முறத்தோடு எடுத்து வந்து, இடம் தேடிப் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.

நாமகிரியின் மடிமேல்.

பெண் முழங்காலை மெதுவாக ஒதுக்கிக்கொண்டாள்.

"கருப்பண்ணா!" வெள்ளியங்கிரி போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த கோழி கீழே குதித்தது. "உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

"ஏனுங்ணா? என்ன கொறை வெச்சுப்புட்டேன்?"

"என்ன கொறையா? என்ற தங்கச்சி மவ உன்ற ஊட்டுக்கு மொதத்தடவை வந்திருக்கறா. வான்னு ஒரு வார்த்தை சொன்னா உன்ற நாக்கு அழுகிப் போயிருமா?"

கருப்பண்ணன் மனைவியைப் பார்த்தான். அவள் கட்டிலைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள்.

"புள்ளையவும் கூட்டிட்டு வாரேன்னுதான் சொல்லியுட்டிருந்தீங்க," என்று மெல்ல இழுத்தான் கருப்பண்ணன். "தனியா வந்து நின்னீங்களே, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையோன்னு நானே கேக்கலாம்னு இருந்தேனுங்க."

என்ன நடிப்பு! எதிரில் உட்கார்ந்திருக்கிறவளை இல்லை என்கிற அளவுக்கா! அர்த்தனாரியாவது முகத்தைத்தான் திருப்பினான். வெள்ளியங்கிரி சொம்பைப் புறங்கையால் தள்ளினார். அது உருண்டு, தண்ணீர் முழுவதும் மண்ணில் போயிற்று.

"எந்திரி, கண்ணு. நட. இந்த மலையும் வேண்டாம், இவனுங்க ஒறவும் வேண்டாம்."

வேலிப்படல் வரைக்கும் கருப்பண்ணன் பின்னாலேயே ஓடி வந்தான். அவன் குரல் மாறியிருந்தது.

"ஏனுங்ணா, ஏறி வாரப்ப மேட்டுல தழை போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்!"

"ரெண்டு பேருமா?"

அவர் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். கருப்பண்ணன் படலைத் தாண்டி ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அப்போதே அந்த வீட்டுக் கதவு சாத்தி, உள்ளே கட்டை போடும் சத்தம் கேட்டது.

இறக்கத்தில் வெள்ளியங்கிரி திட்டிக்கொண்டே நடந்தார். கருப்பண்ணனைத் திட்டினார், அர்த்தனாரியைத் திட்டினார், செத்துப்போன மில்லுக்காரனையும் விடவில்லை. மேற்கே சூரியன் பழுத்துத் தொங்கியது. பலாமரங்களின் நிழல் பாதையைக் குறுக்கே அறுத்தது. ஈரப்பாறையின் வாடையும் மிளகுக் கொடியின் காரமும் காற்றில் கலந்து வந்தன. அதோடு இன்னொரு வாசனை. ஒடித்த பச்சைத் தழை. அது பின்னாலேயே வந்தது.

"மாமா, என்னைய ஏன் அவங்க கூப்புடல?"

"கெடக்கறானுங்க, நாய்ப்பசங்க."

"யாராச்சும் கூப்புடுவாங்களா?"

"கூப்புடுவாங்க. பேசாம நட."

கொஞ்ச தூரம் போன பிறகுதான் காதில் ஏதோ குறைவது தெரிந்தது. கொலுசு. வண்டியில் வரும்போதெல்லாம் கலகலத்த கொலுசுச் சத்தம் எங்கே? பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. சரசரவென்று. யாரோ ஒரு கட்டு விறகைத் தழையோடு இழுத்து வருகிறமாதிரி.

திரும்பினார். நாமகிரிதான். கை வீசி ஒழுங்காக நடந்து வந்தாள். முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

பாதையோரம் ஒரு காட்டுக்கோழி குஞ்சுகளோடு மேய்ந்தது. வெள்ளியங்கிரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் புதருக்குள் பாய்ந்தது. அவர் தாண்டினார். மனசு கேட்காமல் மறுபடியும் திரும்பிப் பார்த்தார். குஞ்சுகள் பாதைக்கே திரும்பியிருந்தன. நாமகிரியின் பாதங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து மண்ணைக் கொத்தின. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்த இடத்தில் ஒரு குளிர் மட்டும் இருந்தது.

கருப்பண்ணன் நடிக்கவில்லை.

கருப்பண்ணன் நடிக்கவே இல்லை.

நடையைக் கூட்டினார். சரசரப்பும் கூடியது. நின்றார். அதுவும் நின்றது. பச்சை வாசனை இப்போது வாடலாக மாறியிருந்தது. பிறகு மக்கிய சருகு. கண்ணுக்கு எதிரே பாதை முறிந்தது. திருப்பம்.

தழைமேடு.

தான் போட்ட கொத்து மேலே கிடந்தது. வாடாமல், அப்போதுதான் ஒடித்ததுபோல.

உடனே நினைவு வந்தது, கத்திய சத்தியம். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ. இதுவரை யாருமே கூப்பிடவில்லை. அர்த்தனாரி கூப்பிடவில்லை. கருப்பண்ணனால் முடியவில்லை. தான்? தான் கூப்பிட்டோமா?

வண்டியில் ஏறு என்றிருக்கிறார். எந்திரி என்றிருக்கிறார். நட, நட என்று நாளெல்லாம் விரட்டியிருக்கிறார். தங்கையின் சாவு கழிந்து இவளைத் தன் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட அன்றைக்குக்கூட, உள்ளே போ என்றுதான் சொன்னார். ஊரையெல்லாம் கேட்ட அந்த ஒரு சொல்லை அவர் சொன்னதே இல்லை.

இப்போது சொன்னால் போதும். ஒரே எழுத்து. அவருக்கே அவள் சொந்தமாகிவிடுவாள். வாய் திறந்தார்.

நாக்கு எழவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் படாத நாக்கு. மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. எச்சில் கூட்டினார். இல்லை. காற்று மட்டும் வந்தது.

"வா கண்ணு."

அவர் குரல் இல்லை.

மேட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒரு ஆணின் குரல், வெகு நாளாகப் பேசாத தொண்டை. உடனே ஒரு பெண் குரல், "வா சாமி." அதற்கும் கீழே, இன்னும் ஆழத்தில், ஒரு சின்னக் குழந்தை, "வாக்கா." ஒன்றன்பின் ஒன்றாக. தனித்தனியாக. ஒருவரும் விட்டுப்போகாமல்.

நாமகிரியின் முகம் மலர்ந்தது. காலையில் மலையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. ஒவ்வொரு குரலுக்கும் தலையசைத்தாள்.

"ஆமாங்க. ஆமாங்க. ஆமாங்க."

அவரைத் தாண்டிப் போனாள். கையை நீட்டிப் பிடித்தார் வெள்ளியங்கிரி. பிடிக்குள் ஒரு கொத்துத் தழை நொறுங்கியது. மேடு படல்போலத் திறந்து மூடிக்கொண்டது.

எதிர்மலையில் வெளிச்சம் அணைந்தது. எங்கேயோ அருவிச் சத்தம். வெள்ளியங்கிரி நொறுங்கிய தழையைப் பிடித்தபடியே நின்றார்.

சருகுகள் அசைந்தன. ஒரு கை வெளியே வந்தது. சதை இருந்ததா, இல்லையா, அந்த மங்கலில் தெரியவில்லை. அது ஒரு சொம்பைப் பாதையில் வைத்துவிட்டு உள்ளே போயிற்று. மண் ஒட்டிய பழைய சொம்பு, தளும்பத் தளும்பத் தண்ணீர்.

மறுபடியும் சருகுகள் அசைந்தன. இந்தத் தடவை கொலுசு கேட்டது. கரி படிந்த சின்ன விரல்கள், அவருக்குத் தெரிந்த விரல்கள், இரண்டாவது சொம்பை எடுத்து வந்து முதல் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தன.

"வாங்க மாமா," என்றாள் நாமகிரி, வீட்டுக்காரியாக.

வறண்டு கிடந்த அவர் நாக்கு, பழக்கத்தில், தானாக எழுந்தது.

"ஆமாங்க."