அம்சவேணியின் கூரைப்புடவை

சந்தியா லைவ் பட்டனை இன்னும் தொடவே இல்லை. அதற்குள் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திரையின் மூலையில் காட்டியது. போன் சூடாகிவிட்டால் இப்படி ஏதாவது கோளாறு செய்யும் என்று நினைத்து, கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டு அழுத்தினாள்.

பிள்ளையார்பாளையத்தில் பகல் மூன்று மணி என்றால் சந்துக்குச் சந்து தறிச் சத்தம்தான். அவள் கணவன் பிரேம்நாத் நெய்ததை இரண்டு வருடம் முன்புவரை கடைக்காரர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். இந்தப் போன் வந்த பிறகு துபாயில் இருப்பவர்களும் தூத்துக்குடியில் இருப்பவர்களும் அக்கா என்று கூப்பிட்டு வாங்கினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஆனி மாதம் அந்தக் காரியத்தைச் செய்தாள். வாலாஜாபாத் அம்சவேணி தன் கல்யாணத்துக்காகச் சொல்லி நெய்யவைத்த அரக்குச் சிவப்புக் கூரைப்புடவை அது. தாலி கட்டும்போது உடுத்துகிற புடவையை மணப்பெண்ணுக்கு முன்னால் வேறு யார் மேலும் போடக்கூடாது என்பது நெசவுக்காரர் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். சந்தியா அதைத் தன் எட்டு வயது மகள் திரிஷாவுக்குக் கட்டி, நடக்கவிட்டு, ரீல் போட்டாள். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அம்சவேணியும் பார்த்தாள். போனில் அழுது, அதை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கிறேன் என்ற சந்தியாவுக்கு மனசு வரவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்சவேணி டெங்குவில் இறந்துபோனாள். புடவையை என்ன செய்வதென்று கேட்டபோது அவள் அம்மா ரேணுகாம்பாள் கோபப்படக்கூட இல்லை.

"அது உன் பொண்ணு கட்டுன புடவைமா. அவகிட்டயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து மகளைப் பார்க்கும்போதெல்லாம் சந்தியாவுக்குப் பயமாக இருந்தது. இன்று அந்தப் புடவையை லைவில் விற்றுத் தொலைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பிரேம்நாத் சாயப்பட்டறைக்குப் போயிருந்தான். திரிஷா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் புடவையை விரித்ததுமே கமெண்ட் வந்தது. கூரைப்புடவைய காட்டுங்கக்கா. பெயர் அம்சவேணி. மருதாணி வைத்த கை ஒன்றின் படம். செத்த மகளின் போனை வைத்துக்கொண்டு ரேணுகாம்பாள் பழி தீர்க்கிறாள் என்று சந்தியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பெயரை பிளாக் செய்தாள்.

மறுபடியும் அதே பெயரில் வந்தது. பாப்பா கட்டிக்கினு வரட்டும்.

அப்போதுதான், எதிர்வீட்டுத் தறி நின்று, அதன் பின்னால் இருந்த தறி நின்று, தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கிப்போனதையும், புதுப்பட்டின் கஞ்சி வாடைக்கும் பீரோவின் ரசகற்பூர உருண்டை வாடைக்கும் மேலே ஈரமான மல்லிகையும் மஞ்சளும் கலந்த கல்யாண வீட்டு வாசனை ஒன்று உள்ளறையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்ததையும் அவள் கவனித்தாள். பீரோ கதவு கிறீச்சிட்டது. மடிப்புக் கலையாத பட்டு பிரிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

திரும்பப் பயமாக இருந்தது. திரையையே பார்த்தாள். வேறு யாரோ எழுதியிருந்தார்கள்.

பாப்பா செம அழகுக்கா. பாப்பாவுக்குக் கொசுவம் வெக்கிறது யாருக்கா?

திரையில், அவள் தோளுக்குப் பின்னால், உள்ளறை வாசலில் திரிஷா நின்றாள். அரக்குச் சிவப்பு. கண்கள் மூடியிருந்தன. இடுப்பருகில் இரண்டு மருதாணிக் கைகள் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தன.

திரும்பினாள்.

கைகள் இல்லை. கொசுவம் மடிந்துகொண்டிருந்தது. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.

"திரிஷா, அத கயட்டிடுமா. அம்மாகிட்ட வா."

"ஆடாம நில்லுன்னு சொல்றாங்கம்மா."

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. போனில் இதயங்கள் பறந்தன. விளையாட்டு என்று நினைத்து யாரோ கெட்டிமேளம் என்று எழுத, நூறு பேர் அதையே எழுதினார்கள்.

திரிஷா தலையைக் குனிந்தாள். தாலி முடிச்சுப் போட வசதியாக நாத்தனார் தூக்கிப் பிடிப்பது போல அவள் பின்னல் தானாக மேலே எழுந்தது. வெறுங்கழுத்து. அதைச் சுற்றி மஞ்சள் கயிறு ஒன்று மெல்ல இறங்கியது.