சாயங்காலக் கூவல்

"நேத்து ரெண்டு தடவை கூவுனியே தாயி, ஒண்ணு பத்தாதா?" என்று கீழ்க் குடியிருப்பில் இருக்கும் மருதாயி கேட்டபோது, முத்துப்பிரியா ஏலக்காய்க் கூடையைக் கீழே வைத்தாள். நேற்று அவள் கூவவே இல்லை.

குரங்கணி மலைக்கிராமத்துக்கு மேலே, ஏலச் செடிகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஆவணியில்தான் வந்தாள். கோயம்புத்தூர் வேலை, பேசி முடித்த கல்யாணம், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவளுக்கு இதை விட்டால் வேறு இடமில்லை. ஊற்றுத் தண்ணீர், விறகடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நாட்கள்.

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் தனியாக இருப்பவர்கள் பொழுது சாயும்போது கீழே பார்த்து ஒருமுறை கூவ வேண்டும். கீழே வரிசை வீடுகளாக இருக்கும் தொழிலாளர் லயத்திலிருந்து யாராவது பதில் கூவுவார்கள். யானையோ பாம்போ அண்டாமல் ஆள் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். முத்துப்பிரியா கொஞ்ச நாள் கூவினாள். மௌனத்தைத் தேடி வந்த இடத்திலும் தினம் வருகைப்பதிவா என்று தோன்றவே, நிறுத்திவிட்டாள்.

"நான் கூவலையே அக்கா."

"அப்ப உன் வீட்டுக்காரனா கூவுனான்? அந்த இல்லாத மாப்ளையா!" மருதாயி சிரித்துக்கொண்டே இறங்கினாள். "தினம் கூவிரு ஆத்தா. சத்தம் வரலைன்னா நான்தான் மேல ஏறி வரணும், என் முட்டி ஒத்துக்கிடாது."

மறுநாள் காலை குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. நேற்றே எடுத்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அடுப்பு மூட்டியிருந்தது, ஈர விறகின் புகை கூரைக்கடியில் சோம்பலாகத் திரிந்தது. பிறகு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அதில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த சின்னச் சின்ன வேலைகளெல்லாம் அவளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. வீட்டுக்கு அவள் தேவைப்படவில்லை.

சாயங்காலங்களில் கூவல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

ஒரு நாள் அந்தக் கூவலுக்கு முந்திக்கொள்ள நினைத்தாள். மூடுபனி மரங்களைக் கரைத்துக்கொண்டு இறங்க, மக்கிய இலையும் பச்சை ஏலக்காயும் கலந்த வாசனை தொண்டையில் குளிர்ச்சியாக ஒட்ட, பாறை விளிம்பில் நின்று கூவினாள். கீழே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வளைவில் ஒரு ஜீப்பு முனகியது. பதில் வரவில்லை.

மறுபடி கூவினாள். "அக்கா! மருதாயி அக்கா!"

தொண்டை கிழிந்தது. கீழே யார் காதிலும் விழவில்லை.

அப்போது பின்னாலிருந்து, அவள் வீட்டு வாசலிலிருந்து, ஒரு கூவல் எழுந்தது. அவளுடையதைப் போலவே கடைசியில் லேசாக உடையும் குரல்.

கீழேயிருந்து உடனே பதில் வந்தது. "ம்ம்... பத்திரமா இரு தாயி!"

ஓடினாள். வீட்டில் விளக்கு எரிந்தது. அவள் ஏற்றவில்லை.

வாசலில் ஒருத்தி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. முத்துப்பிரியாவுடைய அதே சேலை. அவளுடைய பின்னல். ஈர மண்ணில் பதிந்திருந்த முத்துப்பிரியாவின் காலடித் தடங்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, அழித்துக்கொண்டே வந்தாள். நிமிரவில்லை.

கடைசித் தடம் வந்தது.

அதில் முத்துப்பிரியா நின்றிருந்தாள்.

துடைப்பம் நிற்கவில்லை.