கடலடிப் பனியும் ரொசாரியின் கன்னமும்

"இன்னும் ஒரே தடவைதான். அதுவும் வரலேன்னா கப்பலத் திருப்பிடுவேன்," என்றார் கேப்டன் வரதராஜுலு. வங்கக் கடலில் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பயமும் நியாயம்தான்.

ஆராய்ச்சியாளர் ஜோவிட்டா தேடி வந்த பொருள் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றுக்குள் இருக்கிறது மீத்தேன் ஹைட்ரேட். பார்த்தால் பனிக்கட்டி, தீக்குச்சியைக் காட்டினால் தீ! அந்த வாயுவை எரிக்காமலே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் ஒன்றை ஆறு வருடம் பாடுபட்டுச் செய்திருந்தாள். ஆனால் மூன்று முறை மாதிரி எடுக்கும் குழாயைக் கடலடிக்கு இறக்கியும் அவளது ஆய்வறைக்கு வந்தது வெறும் சேறு. இப்படியே கரைக்குப் போனால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

இந்த முறை அறையில் இருப்புக்கொள்ளாமல் மேல்தளத்துக்கே ஓடினாள். நான்காவது குழாய் அப்போதுதான் வந்து இறங்கியது. பளு தூக்கும் வின்ச்சை இயக்கும் ரொசாரி, தளத்தில் பொட்டுச் சேறு கிடந்தாலும் பொறுக்காதவர். வழக்கம்போல் கடல்நீர்க் குழலைத் திறந்துவிட்டு, வந்த குழாயைக் கழுவத் தொடங்கினார். தெறித்த தண்ணீர் அவள் காலில் பட்டது. வெதுவெதுப்பு!

அடப்பாவமே, மூன்று புதையலையும் குளிப்பாட்டியே கரைத்திருக்கிறோம்!

"அண்ணே, நிப்பாட்டுங்க. அந்தத் தண்ணிதான் பனிய உருக்குது."

ரொசாரியின் முகம் சுண்டிப்போனது. "முப்பது வருசமா கழுவுதேன். ஒருத்தனும் குத்தம் சொன்னதில்ல."

"குத்தம் என்னோடதுண்ணே. ஒரு நாளாவது இங்க வந்து பாத்திருக்கணும். இப்போ சேறுதான் அதுக்குப் போர்வை. பனி இருக்கிற எடம் ரொம்பச் சில்லுன்னு இருக்கும். அத மட்டும் கண்டுபிடிக்கணும். நேரமில்ல."

அவ்வளவுதான். குழலை வீசிவிட்டு மண்டியிட்டார் மனிதர். சேறு அப்பிய குழாயைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் இரண்டு முறை உருண்டும் பிடியை விடவில்லை.

"இந்தா, இங்கன. கன்னமே மரத்துப் போவுது."

அந்த இடத்தை அறுத்தார்கள். சேற்றுக்குள் பால் நிறத்தில் பொரிந்துகொண்டிருந்தது பனி! கைப்பிடி அளவுக் கட்டிகளை அள்ளிக் குளிர்கலனில் போட்டு மூடினாள். கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

புயலுக்கு முன்னால் ஓடிய அந்தக் கப்பலிலேயே சோதனை நடந்தது. ஒரு கட்டியை உருக்கி, வாயுவை மின்கலத்துக்குள் செலுத்தினாள். மின்மானியின் முள் நடுங்கியது, விளக்கு எரிந்தது. தீயில்லை, புகையில்லை. ஜோவிட்டா விம்மி அழுதாள். ஆறு வருட உழைப்பு கண்ணெதிரே விளக்காய் எரிந்தால் வேறென்ன செய்வாள்? கேப்டனே வானொலியை எடுத்து, "வெறுங்கையா வரல சார், புதையலோட வரோம்," என்று கரைக்குச் சொன்னார். திட்டம் தொடரும் என்று அங்கிருந்து பதில் வந்தது.

மூளை எவ்வளவு பெரிதானாலும் கைகள் செய்யும் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று அன்று அவளுக்குப் புரிந்தது. கலனில் ஒட்டும் சீட்டில் 'கண்டெடுத்தவர்: ரொசாரி மச்சாது' என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

ரொசாரி அதை எட்டிப் பார்த்தார்.

"கீழ தமிழ்லயும் எழுதிருங்க தாயி. போட்டோ புடிச்சுக் காட்டுனா எங்க அம்மை வாசிப்பா."