எர்த்துக் குழாய் இறங்கிய இடம்

17-4-1947, வியாழன்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எர்த்துக் குழாயை எங்கே அடிக்கலாம் என்று வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. மண் இளகலாக இருந்த இடத்தைப் பார்த்து நானே அடித்துவிட்டேன்.

எங்கள் மாலை ரேடியோ வகுப்பு வாத்தியார் ஜான்ராஜ், பட்டாளத்தில் கழித்துப்போட்ட வால்வுகளைக் கொண்டு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்திருக்கிறார். வீட்டுக்குள் வைத்துக் கிராமபோன் கேட்க ஏற்றது. திருச்சுழி ரோட்டில் இருக்கும் தானிய வியாபாரி சோலைச்சாமி அதைக் கேட்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் என்னைத் தன் ரேடியோ கடையில் சேர்த்துக்கொள்வதாக வாத்தியார் சொன்னார். நூல் கிடைக்காமல் எங்கள் வீட்டுத் தறி நின்று கிடக்கிறது. எனக்கு இந்த வேலை வேண்டும்.

காலை பஸ்ஸில் போய் இறங்கியபோதே வெயிலில் கண் கூசியது. பழைய பெரிய வீடு. பின்கட்டில் கார் பாட்டரியை இணைத்துப் பார்த்தேன். ஒரே இரைச்சல். இரும்புக் குழாயை மண்ணில் அடித்து, அதிலிருந்து பெட்டிக்குக் கம்பி கொடுத்து, குழாயடியில் தண்ணீர் ஊற்றினால் இரைச்சல் அடங்கும். எர்த்து என்பது அதுதான்.

சித்திரை மாதத்துக் கரிசல் மண் பாறை மாதிரி இருந்தது. குழாய் எங்கும் இறங்கவில்லை. தொழுவத்தை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் மூன்றே சம்மட்டி அடியில் முழுதாக இறங்கிவிட்டது. கஞ்சிக்குள் கரண்டி இறங்குவது போல.

வீட்டில் வேலை பார்க்கும் முருகேஸ்வரி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். என் வயதுதான் இருக்கும்.

"இந்த இடம் எவ்வளவு ஊத்துனாலும் குடிக்கும்ணே. முந்தி சோளக்குழி இருந்துச்சு, ஏணி வச்சு எறங்கி மண்ணுக்குள்ள சோளம் கொட்டி வைக்கிற குழி. யுத்தத்தப்ப ஆபீசருக தானியம் தேடி வாராகன்னு ராவோட ராவா மூடிட்டாக."

"சோளத்தோடயா?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வாரந்தான் எங்க ஆத்தா ஓடிப்போச்சு. நான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன்."

மழை பெய்யவில்லை என்பது போல அதைச் சொன்னாள்.

இரைச்சல் அடங்கிவிட்டது. முருகேஸ்வரியைக் கடைசி அறையில் நிற்கச் சொல்லிவிட்டு, மைக்கில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினேன். எந்த அளவில் குரல் தெளிவாகக் கேட்கிறது, எங்கே பிசிறடிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. திரும்பி வந்தவள் சிரித்தாள்.

"மொதல்ல லாபம்னீகளே, அதான் கணீர்னு கேட்டுச்சு. பெறகெல்லாம் கொரகொரங்குது. சளி பிடிச்சிருக்கா?"

"நான் ஒண்ணுன்னுதானே சொன்னேன்."

"போங்கண்ணே. தறிக்காரவுகளுக்கு யாவாரப் பேச்சு எதுக்குன்னு நானே நெனச்சேன்."

தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். நாங்கள் வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர்கள், நூலைக்கூடக் கன்னடத்தில்தான் எண்ணுவோம். அந்த வழக்கம் என் வாயில் கிடையாது.

தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி மைக்கைக் கழற்றினேன். கிராமபோன் கம்பியையும் கழற்றினேன். இனி பெட்டிக்குள் எந்த ஒலியும் போக வழியில்லை. குமிழை முழுவதும் திருப்பினேன்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு ஸ்பீக்கர் துணியிலிருந்து ஒரு வாடை வந்தது. மூடிவைத்துப் புளித்த சோளத்தின் வாடை.

"லாபம்."

பெண் குரல். அடுத்து, படியில் தானியம் சரியும் ஓசை.

"ரெண்டு."

தூரத்துக் குரல் இல்லை. கீழே இருந்து வரும் குரல்.

"மூணு."

ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே மூச்சு நீண்டது. நாலுக்குப் பிறகு இருமல் வந்தது.

ஐந்து வரவில்லை.

"மூச்சு முட்டுதுய்யா. ஏணிய உள்ள எறக்குங்க."

முருகேஸ்வரியின் கையிலிருந்த குடம் கீழே விழுந்தது.

"ஆத்தா," என்றாள், மெதுவாக. பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல.

சாப்பிட்டுப் படுத்திருந்த சோலைச்சாமி வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார். என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை.

"குழாய எங்கடா அடிச்ச?"

கை காட்டினேன். அவரே பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். தொழுவப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"மிஷினு கரகரங்குது, அவ்வளவுதானே தம்பி?"

நான் கம்பிகளைச் சுருட்டினேன்.

"எடுத்துட்டுப் போயி வாத்தியாருட்ட காமி. நாளைக்கு வந்து அந்தக் குழாயப் பிடுங்கிக் கெணத்தடியில அடி. பையன் கெட்டிக்காரன்னு நானே ஜான்ராஜுக்குச் சொல்லி அனுப்புறேன்."

முருகேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஓடுகாலி மகள்னு என்னைப் பொண்ணு பாக்க ஒருத்தனும் வாரதில்ல. நீங்க படிச்சவுக. சொல்லுங்கண்ணே, அது மிஷினு சத்தமா?"

"எர்த்து சரியில்லேன்னா இப்படித்தான் வரும்," என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாத பதில். அதை எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் கிளம்பியபோது அவள் குனிந்து குடத்தின் நெளிவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாலை வகுப்பில் வாத்தியார் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை. மேஜைமேல் வைத்து பாட்டரி மட்டும் கொடுத்தார். எர்த்துக் கம்பி இல்லை.

"எண்ணு சௌடையா."

மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தேன். ஒண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"லாபம்," என்றேன்.

வகுப்பே சிரித்தது. "ஏலே, எப்ப மளிகைக் கடை வச்ச?" என்றான் பின்வரிசையில் இருந்த வெங்கடசாமி. வாத்தியாரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஸ்பீக்கர் "ரெண்டு" என்றது.

என் வாய் மூடியிருந்தது.

வாத்தியார் சிரிப்பை நிறுத்திவிட்டு மைக்கைப் பார்த்தார். மேஜையைச் சுற்றிப் புளித்த சோள வாடை அடித்தது. அவர் பெட்டியை அணைத்தார். கடை வேலை இனி எனக்குக் கிடைக்காது என்று இதை எழுதும்போது தெரிகிறது.

நாளைய வேலை: முதல் பஸ்ஸில் போக வேண்டும். குழாயைப் பிடுங்கக் கூடாது. அது எங்கே நிற்கிறது என்பதை முருகேஸ்வரிக்கும் ஊராருக்கும் சொல்ல வேண்டும். மண்வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு ஏணியும்.